ஒளிந்திருந்தவரின் வீட்டில்

இல்-பிசார் தீவுக்குப் போகிற பேருந்து பாலத்தில் ஏறும்போது நான் அனேகமாக அரைத்தூக்கத்தில் இருப்பேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கும். கீழே ஆறு இருக்கிறதா, மூடுபனி மட்டும்தானா என்று தெரியாது. பாலம் இறங்கியதும் மொன்றியலின் இரைச்சல், யாரோ பின்னால் கதவைச் சாத்தியதுபோல நின்றுவிடும். பிறகு மரங்கள், தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள், யாரும் உட்காராத கதிரைகள். அந்தத் தீவில் வேலை செய்த காலத்தை இப்போது நினைத்தால் எல்லாமே அந்தப் பனிக்குள் நடந்ததுபோலத் தோன்றுகிறது. கொளுத்தும் வெயிலில் நடந்தவைகூட.

அது 2007ஆம் ஆண்டின் வசந்தம். வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. என்னை அனுப்பிய வீடு ஆற்றங்கரையில், லாவாலுக்குப் போகும் பாதை புறப்படுகிற துறைக்குக் கிட்ட இருந்தது. பாதை என்று நான் சொல்வது, வாகனங்களை ஏற்றிக்கொண்டு கம்பி வடத்தைப் பிடித்தபடி அக்கரைக்குப் போகும் தட்டையான படகை. மன்னாரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆறு உறையாத மாதங்களில் மட்டும் ஓடும் அதை அந்த வீட்டுப் பெரியவர் சன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுவதும் பார்ப்பார். அது போகும், வரும். அவருடைய நினைவும் அப்படித்தான்.

எண்பத்தைந்து வயதைத் தொட்டிருந்தார். நகரத்தின் தென்மேற்குத் தெருக்களில் பால் வண்டி ஓட்டி வாழ்ந்தவர். முதலில் குதிரை வண்டி, பிறகு மோட்டார் வண்டி. மனைவி இறந்தபின் மகளோடு இருந்தார். மகள் பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். காலையில் நான் போய்ச் சேர்ந்ததும் அவர் புறப்பட்டுவிடுவார். நான் அவரை மதாம் என்றும் பெரியவரை மெசியூ என்றும் கூப்பிட்டேன். என் பிரெஞ்சு அப்போது ஒரு காலில் நொண்டியது. அவர்கள் எனக்காக மெதுவாகப் பேசுவார்கள். ஆனால் விந்தை என்னவென்றால், அவர்கள் சொன்னவை எதுவும் இன்று எனக்குப் பிரெஞ்சில் நினைவில்லை. எல்லாம் என் ஊர்த் தமிழிலேயே காதில் விழுகின்றன. அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்குப் போன முதல் கிழமைகளில் ஒருநாள், காலைச் சாப்பாட்டுத் தட்டை நான் மேசையில் வைத்தபோது பெரியவர் என் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆரும் உனக்குப் பின்னால வந்தவங்களோ?"

"இல்லை மெசியூ. நான் தனியத்தான் வந்தனான்."

"வழியில ஒருத்தரும் காணேல்லையோ?"

"காணேல்லை."

அவர் கையை விட்டார். பாணை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மிச்சத்தை நாளைக்கு வைச்சுக்கொள்ளுறன், தங்கச்சி" என்றார்.

அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் புதிதல்ல. தேடப்படுகிறவர்கள் சாப்பாடு கொண்டுவருகிறவர்களிடம் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அதைக் கனடாவில், பூப்போட்ட திரைச்சீலை தொங்குகிற ஒரு குசினியில் கேட்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

பின்னேரம் மதாம் வந்ததும் சொன்னேன். அவர் மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"ஓ, அங்க போட்டாரோ" என்றார், ஏதோ பக்கத்து ஊருக்குத் தகப்பன் போய்விட்டதுபோல.

பிறகு சொன்னார். இரண்டாம் உலகப் போரில் நாடு இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்தது. கியூபெக்கில் நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை. வேறு யாருடையவோ சண்டை என்று நினைத்தார்கள். கலியாணம் கட்டியவர்களை விடுவார்கள் என்று ஒரு கதை வந்தபோது, மாதா கோயில் வாசல்களில் மாப்பிள்ளை பொம்பிளைகள் வரிசையில் நின்று தாலியில்லாத அந்த ஊர்க் கலியாணத்தைக் கட்டிக்கொண்டார்கள். பெரியவரின் தமையன் அப்படிக் கட்டியவர்தான். பெரியவருக்குப் பெண் அமையவில்லை. அழைப்பு வந்ததும் அவர் வடக்கே காட்டுக்குள் போய்விட்டார். மரம் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன குடில் ஒன்றில் இரண்டு பனிக்காலம் ஒளிந்திருந்தார். அவருடைய தங்கைதான் பனியில் நடந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாளாம்.

"எங்களுக்குச் சின்ன வயசில இதொண்டும் தெரியாது. வாயே திறக்க மாட்டார். இப்ப மற்றதெல்லாம் மறந்து போச்சு, இது மட்டும் வெளிய வருது" என்றார் மதாம். "உங்களைத்தான் தங்கச்சி எண்டு நினைக்கிறார். உங்களுக்குக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ."

"கஷ்டமில்லை" என்றேன்.

உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஒருவர் என்னை நம்பிக் காத்திருக்கிறார் என்பதுபோல, காலையில் பேருந்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தொடங்கினேன்.

எல்லா நாளும் அவர் காட்டில் இருக்கவில்லை. சில காலைகளில் முகம் கழுவியதுபோலத் தெளிவாக இருப்பார். அப்படி ஒருநாள் நான் அவருடைய கோப்பிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பாலையே பார்த்தபடி சொன்னார்.

"எங்கட தெருவில ஒரு பெடியன் இருந்தவன். என்ர வயசுதான். அவன் ஒளிக்கேல்லை. கூப்பிட்டாங்கள், போனான். ஐரோப்பாவில எங்கேயோ செத்துப் போனான். சண்டை முடிஞ்சு நான் காட்டால வந்தன், பால் வண்டி வேலை கிடைச்சுது. அவன்ர தாயின்ர வீடும் என்ர வழியிலதான்."

"அவ ஏதும் சொன்னவவோ?"

"ஒருநாளும் கதைச்சதில்லை. நான் போத்தலை வாசல்ல வைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் அவவின்ர கதவு திறக்கிற சத்தம் கேக்கும். அவ சாகுமட்டும் அப்பிடித்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வெறும் போத்தலை அவ கழுவி வைக்கிற மாதிரி அந்தத் தெருவிலேயே ஒருத்தரும் கழுவி வைக்கிறேல்லை. பளிங்கு மாதிரி இருக்கும். அது கோபமோ என்னவோ, எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை."

கோப்பியைக் குடித்தார். பாதை அக்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரேயொரு சிவப்புக் கார்.

அந்த மாதங்களில் எனக்குள்ளும் ஒரு வீடு ஒளிந்துகொண்டிருந்தது. என் அக்கா குடும்பத்தோடு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய்ச் சேர்ந்திருந்தா. அங்கே போர் மறுபடியும் மூண்டு, வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தின் படைக்கு வரவேண்டும் என்று கேட்டு ஆட்கள் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அத்தான் இறந்தபின் அக்காவுக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள்தான். மூத்தவள் ஏ-லெவல் படித்துக்கொண்டிருந்தவள். இளையவன் மிகச் சின்னவன். ஆகவே அந்த வீட்டிலிருந்து போகக்கூடிய ஒருவர் என்றால் அது அவள்தான்.

என்னால் அங்கே அழைக்க முடியாது. அக்காதான் எப்போதாவது ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எடுப்பா. இங்கே ஞாயிறு காலை, நான் மாதா கோயில் பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம் அது.

"விறகுக் கொட்டிலுக்குப் பின்னால கிடங்கு வெட்டியிருக்குது" என்றா ஒருமுறை. "பகல் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கிறாள். பூரான் கடிச்சு ஒரு கால் வீங்கிப் போச்சு. சத்தம் போடாம அழுறாள், அதைத்தான் பாக்கேலாமக் கிடக்கு."

"அக்கா, நான் என்ன செய்ய?"

"நீ ஒண்டும் செய்யேலாது, தெரியும். ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். கலியாணம் கட்டினவையை விடுகினமாம். அடுத்த ஒழுங்கையில ஒரு பெடியன் இருக்கிறான். அவனுக்கும் அதே பிரச்சினை. ரெண்டு பேரையும் கட்டி வைப்பமோ எண்டு பாக்கிறம். நீ என்ன சொல்லுறாய்?"

"அவளுக்கு விருப்பமோ?"

மறுபக்கத்தில் காற்று இரைந்தது. "விருப்பம் கேக்கிற காலமே இது?" என்றா அக்கா.

நான் பெரியவரின் தமையனை நினைத்தேன். மொன்றியல் கோயில் வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பெண்களையும் நினைத்தேன். அவர்களில் யாரையாவது யாராவது விருப்பம் கேட்டார்களா? "கட்டி வையுங்கோ" என்றேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் சொன்னது அவவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அன்று பூசைக்குப் பிறகு கோயிலின் கீழ்மண்டபத்தில் வழக்கம்போலத் தேநீர். ஆண்கள் நின்றுகொண்டு ஊர்ச் சண்டையைக் கதைத்தார்கள்.

"எல்லா வீடும் குடுத்தாத்தான் முடியும்" என்றார் ஒருவர். "நாடெண்டால் அப்பிடித்தான். நாளைக்குக் கனடாவுக்கு எண்டு ஒரு சண்டை வந்தால் இவையளும் பிடிச்சுத்தான் அனுப்புவினம்."

"பிடிச்சுக் கொண்டுபோய் நிப்பாட்டினவன் எப்பிடி அண்ணை சண்டை பிடிப்பான்?" என்றார் துறைமுகத்தில் வேலை செய்யும் இன்னொருவர். "சுமையை ஏத்திவிட்டு ஓட்ட ஆளில்லாத லொறி மாதிரி, விட்ட இடத்திலதான் நிப்பான்."

இருவருமே நல்ல மனிதர்கள். முதலில் பேசியவரின் தம்பி ஊரில் சண்டையில் இறந்தவன் என்பது எனக்குத் தெரியும். தம்பியைக் கொடுத்தவருக்கு மற்ற வீடுகளும் கொடுக்கவேண்டும் என்று தோன்றுவதில் என்ன அதிசயம்? நான் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். தேநீர் ஆறிப்போனது. விறகுக் கொட்டில் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கோடை வந்தது. அந்தக் கோடையில்தான் கியூபெக்கின் படைப்பிரிவு ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டது. மதாமின் மகன் அதில் இருந்தான். இருபதுகளின் தொடக்கம், நல்ல உயரம், சிரித்தால் பெரியவரின் முகம். கட்டாயம் எதுவும் இல்லாத காலத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தவன். மதாமுக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் புறப்படுமுன் வீட்டுக்கு வருகிறான் என்றதும் மூன்று நாள் முன்பே சமைக்கத் தொடங்கிவிட்டார். அன்று என்னையும் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னார்.

பேரன் மத்தியானம் வந்தான், சீருடையோடு. அம்மப்பாவோடு ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தான். முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு பச்சையும் பழுப்புமாய், கனத்த சப்பாத்தோடு அவன் நடந்து வந்தபோது பெரியவர் பின் விறாந்தையில் இருந்தார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. கால்மேல் போட்டிருந்த போர்வை படிகளில் கிடந்தது.

"அம்மப்பா எங்க?" என்று பேரன் கேட்டான்.

மூவரும் தேடினோம். மதாம் தெருப்பக்கம் ஓடினார். பேரன் துறைக்குப் போய்ப் பாதைக்காரரிடம் கேட்டான். அவ்வளவு தள்ளாடி நடக்கிற மனிதர் எப்படி அவ்வளவு விரைவாக மறைந்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆற்றங்கரையில் புல் இடுப்பளவு நின்றது. வெயிலில் ஆறு அசையாமல், ஊற்றி வைத்த ஈயம்போலக் கிடந்தது. தும்பிகள் அந்தரத்தில் நின்றன. நான் கரையோரமாக நடந்தேன். மெசியூ என்று கூப்பிடவில்லை. ஒளிந்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் இன்னும் உள்ளேதான் போவார்.

ஒரு இருமல் கேட்டது.

புல்லுக்குள் பழைய வள்ளம் ஒன்றை மரக்குற்றிகள்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் மேல் போட்டிருந்த தார்ப்பாய் இரு பக்கமும் தரைவரை தொங்கியது. நான் குனிந்து ஓரத்தைத் தூக்கினேன். பெரியவர் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். சட்டையெல்லாம் புல். கண்கள் மட்டும் பளபளத்தன.

"கெதியா உள்ள வா" என்றார். "பாயை இழுத்து விடு."

நான் உள்ளே போய்ப் பாயை இழுத்துவிட்டேன்.

அதற்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. தண்ணீருக்கடியில் இருப்பதுபோல. தலைக்குமேல் வள்ளத்தின் விலா எலும்புகள். ஈர மண் மணம். அவருடைய மூச்சும் என் மூச்சும் தவிர வேறு சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. வெளியே மொன்றியல் என்று ஒரு நகரம் இருப்பதும், நான் ஒரு சம்பளத்துக்கு அங்கே வந்திருப்பதும் எங்கோ தூரத்தில் நடப்பவைபோல இருந்தன.

"அவங்கள் போட்டாங்களோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, அண்ணை" என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் தலையாட்டினார்.

அதன்பின் நான் தமிழிலேயே கதைத்தேன். ஏன் என்று தெரியாது. அக்காவின் மகளைப் பற்றிச் சொன்னேன். அவளும் இப்படித்தான் ஒரு கிடங்குக்குள் இருக்கிறாள், கால் வீங்கியிருக்கிறது, பரீட்சைப் புத்தகத்தையும் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறாள், வெளிச்சம் போதாது என்று சொன்னேன். அவளைக் கேளாமலே கலியாணத்தைச் செய்யச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். ஒரு சொல்கூட விளங்கியிராது. ஆனால் நான் அழத் தொடங்கியபோது தன் சட்டைப் பையில் கையை விட்டுக் காலையில் ஒளித்து வைத்த பாண் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

பாய் மறுபடியும் தூக்கப்பட்டது. பேரன். அவனுக்கு விஷயம் விளங்கியிருக்கவேண்டும். வீட்டுக்குள் ஓடிச் சீருடையைக் கழற்றிவிட்டு அம்மப்பாவின் பழைய கட்டம்போட்ட சட்டையையும் களிசானையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். களிசான் அவனுக்குக் கணுக்காலுக்குமேல் நின்றது. வெறுங்கால்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் ஒளிச்சிட்டியோ?"

அவன் என்னைப் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

"எப்ப தொடக்கம்?"

"இண்டைக்குத்தான்."

"அப்ப வா. ரெண்டு பேருக்கு இடம் காணும். தங்கச்சி இப்ப வீட்ட போயிடுவாள்."

அந்தப் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். பெரியவர் அவன் தோளில் கையைப் போட்டுச் சொல்லத் தொடங்கினார். பகலில் நெருப்பு மூட்டாதே, புகை தெரியும். ஒரே வழியால் இரண்டுதரம் நடக்காதே. பனி பெய்யும்போதே வெளியே போ, காலடித் தடம் மூடுபட்டுவிடும். நாய் குலைத்தால் ஓடாதே, படு. வீட்டு நினைப்பு வந்தால் எதையாவது எண்ணு, மரங்களை எண்ணு.

"ஓம்" என்றான் பேரன் ஒவ்வொன்றுக்கும். "ஓம். சரி."

"எவ்வளவு காலமெண்டாலும் இரு. முடியாத சண்டை எண்டு ஒண்டுமில்லை" என்றார் பெரியவர். "உன்ர அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அடுத்த கிழமை விமானத்தில் ஏறவேண்டியவன். நான் மெல்ல வெளியே வந்தேன். மதாம் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே வராதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறவரைப்போல வள்ளத்தையே பார்த்தபடி நின்றார்.

அவர்கள் வர நேரமாயிற்று. பெரியவர் களைத்துப்போய்ப் பேரனின் தோளில் சாய்ந்தபடியே வந்தார். படம் எடுக்கவில்லை.

பெரியவர் நித்திரையானபின், வெயில் சாயும் வேளையில், மூவரும் பின் விறாந்தையில் சாப்பிட்டோம்.

"அம்மப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு எண்டுதான் நினைச்சன்" என்றான் பேரன். "என்னைப் பாத்தே அவர் அப்பிடிப் பயந்தவர்?"

"உன்னை இல்லை. உடுப்பை" என்றார் மதாம்.

பிறகு அவன் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, நீங்கள் கோபிப்பீங்கள். எண்டாலும் சொல்லுறன். சண்டை எண்டால் எல்லாரையும் கூப்பிட வேணும். எங்கட பிரிவில இருக்கிறவங்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஊர்களில இருந்து வந்தவங்கள். பட்டறை மூடின ஊர், மீன் இல்லாத ஊர். நாங்கள் போறம், மற்றவை ஹொக்கி பாக்கினம். எல்லா வீட்டிலயும் ஒரு பிள்ளை போகவேண்டி வந்தால் இந்த நாடு சண்டைக்குப் போக முதல் பத்துத்தரம் யோசிக்கும்."

"யோசிக்காது" என்றார் மதாம். "என்ர அப்பாவின்ர காலத்தில யோசிச்சதே? இப்ப என்ர பிள்ளை மட்டும் போறான். உன்ர கதைப்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போனால் எனக்கு அதில என்ன ஆறுதல்?"

"நான் ஆறுதலைக் கதைக்கேல்லை. நியாயத்தைக் கதைக்கிறன்."

"நியாயமோ! விருப்பமில்லாத ஒருத்தனைக் கட்டிலால இழுத்துக்கொண்டு போறதிலயோ?"

"அப்ப நான் விரும்பினபடியால் நான் செத்தால் பரவாயில்லையோ?"

அவன் உடனே எழுந்து தாயின் தலையில் முத்தமிட்டான். பிறகு, பேச்சை மாற்றவோ உண்மையாகவோ, என்னிடம் திரும்பினான்.

"நீங்கள் சொல்லுங்கோ. உங்கட நாட்டில சண்டை நடக்குது. கட்டாயமாக் கூப்பிடுறது சரியோ?"

என் நொண்டிப் பிரெஞ்சில் அக்காவின் வீட்டைப் பற்றிச் சொன்னேன். விறகுக் கொட்டில், கிடங்கு, கலியாணம் எல்லாம். அவர்கள் அசையாமல் கேட்டார்கள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டு நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது" என்றேன். "எங்கட கோயில்லயும் ஒரு ஐயா அப்பிடித்தான் சொன்னவர், அவரின்ர தம்பி செத்தவன். அவரைப் பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனா வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் எண்ட கணக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு ஆள் வெளிச்சத்தை எரியவிட்டுத்தான் நித்திரை கொள்ளுற பிள்ளை எண்டு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சால் கூட்டிக்கொண்டு போக மாட்டான்."

"அப்ப ஒருத்தரும் போகத் தேவையில்லை எண்டுறீங்களோ?"

"எனக்குத் தெரியேல்லை" என்றேன். "எனக்கு அவளை விட்டாக் காணும்."

அவன் தலையசைத்தான். ஆற்றில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அன்று அவனே தன் காரில் என்னை மெத்ரோ ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது "உங்கட பெறாமகளுக்கு நல்லது நடக்கட்டும்" என்றான். "உங்களுக்கும்" என்றேன்.

அவன் போனபின் பெரியவர் அடிக்கடி "அந்தப் பெடியன் எங்க?" என்று கேட்டார். பேரனை அல்ல, வள்ளத்தினடியில் கண்டவனை. வடக்கே காட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று மதாம் சொல்வார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவருடைய முகம் இளகும். இலைகள் சிவந்தன, உதிர்ந்தன. பாதை ஓடுவது நின்றது. ஆறு உறைந்தது. வெள்ளைச் சன்னலோரத்தில் பெரியவர் குறைந்துகொண்டே போனார். ஒரு தை மாதப் பின்னேரம், நான் அவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, "போதும் தங்கச்சி, இருட்ட முதல் வீட்ட போ" என்றார். நான் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் போயிருந்தார்.

பேரனால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. வசந்தத்தில் உயிரோடு திரும்பினான். ஒரு காது கேட்காமல் போயிருந்தது. நான் அப்போது புவாண்ட்-கிளேரில் வேறொரு வீட்டில் வேலை செய்தேன். மதாம் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்ற பேச்சை மதாம் மெல்லத் தொட்டபோது, "இப்ப எனக்கு அப்பிடித் தோன்றேல்லை, அம்மா. வேற மாதிரியும் தோன்றேல்லை" என்றான். அவனோடு போன ஒருவன் திரும்பவில்லை. செத்தவனின் தாயைப் பார்க்கப் போகவேண்டும், போய் என்ன கதைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். சில மாதம் கழித்துப் படையை விட்டு விலகினான். அந்தத் தாயிடம் போனானா என்று நான் கேட்கவில்லை.

அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்திருந்தது. அக்காவுக்கு நான் சொன்னது கேட்டதோ இல்லையோ, கட்டி வைத்துவிட்டா. பெடியன் உண்மையிலேயே நல்லவன்; அவளைப் படிக்க விட்டான், கிணற்றடியிலிருந்து அவளுக்காகத் தண்ணீர் சுமந்தான், இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது என்று அக்கா ஒரு ஞாயிறு காலையில் சிரித்துக்கொண்டே சொன்னா. கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர்களை விட்டார்கள். போர் நெருங்க நெருங்க அந்த விலக்கும் போயிற்று. அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு தொலைபேசி வரவில்லை. 2009 வந்தது. அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் மொன்றியல் தெருக்களில் பனியில் நின்று கத்தினார்கள், நானும் நின்றேன். மதாம் ஞாயிறுதோறும் என்னை அழைத்து, "ஏதும் அறிஞ்சீங்களோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். அடுத்த ஞாயிறும் எடுப்பதாகச் சொல்லிவிட்டு வைப்பார்.

அக்காவும் மகளும் சின்னவனும் கைக்குழந்தையும் முகாமில் இருக்கிறார்கள் என்று ஒரு பங்குச் சாமியார் மூலம் அறிந்தோம். அந்தப் பெடியனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

முகாமிலிருந்து வெளியே விட்டபின், மன்னாரில் உறவுக்காரர் வீட்டிலிருந்து அவள் எடுத்தாள். நான் அவளுடைய குரலைக் கேட்டுப் பல ஆண்டுகள். பெரிய பெண்ணின் குரலாக இருந்தது.

"சின்னம்மா, எங்களைக் கனடாவுக்கு எடுக்கலாம் எண்டு அம்மா சொல்லுறா. உண்மையோ?"

"பாப்பம் மகள். எங்களால ஏலுமானதெல்லாம் செய்வம்."

"அங்க சண்டை ஒண்டும் இல்லைத்தானே?"

"இஞ்சை இல்லை. வேற நாட்டில போய்ச் சண்டை பிடிக்கினம்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப அதுக்கு ஆக்களைப் பிடிக்கிறவையோ? மகன் வளந்தால்..."

"இல்லையம்மா. இப்ப ஒருத்தரையும் பிடிக்கிறேல்லை."

"பிடிக்காட்டில் ஆர் போறது?"

"விருப்பமானவை."

"விரும்பியோ?" என்றாள். நம்ப முடியாமல், ஏறக்குறையச் சிரிப்போடு. "விரும்பிப் போற பிள்ளையளும் இருக்கினமோ, சின்னம்மா? அவையின்ர அம்மாமார் விடுகினமோ?"

நான் பதில் சொல்லுமுன் குழந்தை அழுதது. பொறுங்கோ என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனாள். குழந்தையைத் தூக்கி அவள் ஏதோ முணுமுணுத்து ஆற்றுவது தூரத்தில் கேட்டது. நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.